முப்பது நிமிடம்

காலை ஐந்து பத்து.
ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில்
காற்றுத்தொட்டிச் சேற்றுநீரை மொண்டு வந்து
ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.
இனி முப்பது நிமிடம் தொடக் கூடாது.
மேசை அதிர்ந்தாலும் கணக்கு தப்பும்.
சேவுகன் டீ கொண்டுவந்தால்
வாசலிலேயே வாங்கிக்கொள்வேன்.

ராத்திரி பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் மூன்று தும்மல் தும்மிப் படுத்துக்கொண்டது.
டீசல் இருந்தது. பேட்டரி செத்திருந்தது.
பதிவேட்டில் மட்டும்
வாராவாரம் நலமாக இருந்தது.

ப்ளோயர் நின்றால் வருவதை
வெளியாட்கள் அமைதி என்பார்கள்.
கண்ணுக்குத் தெரியாத பல கோடி
மூச்சை இழுத்துப் பிடிப்பது அது.
நான் தொட்டி விளிம்பில் டார்ச்சோடு நின்றேன்.
ஒரு குமிழி இல்லை.

காரைக்குடிக்கு அன்று முகூர்த்தம்.
ஓட்டில் விழும் மழையைச் சொட்டுச் சிந்தாமல்
அண்டாவில் இறக்கத் தெரிந்த ஊர்,
அலசி ஊற்றியதைத் திரும்பிப் பார்த்ததில்லை.
எழுநூறு பேர் கை கழுவிய நீர்
பணியாரம் சுட்ட எண்ணெயை முதுகில் சுமந்து
பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தது.

கம்பிச் சல்லடையில் நின்றவை:
வாழையிலைக் கிழிசல், ஷாம்பூ பாக்கெட்,
ஏதோ குழந்தையின் இடதுகால் செருப்பு,
நல்வரவில் ‘நல்’ உடைந்துபோன தெர்மாகோல்.
வரவுதான்.
இங்கே வருவதெல்லாம் வரவு.
செலவை நான் எழுத வேண்டும்.

மதகை மூடினால் கழனிவாசல் தெருவில்
மூடி தூக்கிப் பொங்கும்.
முழுக்கத் திறந்தால்
மூச்சு முட்டிக் கிடப்பவற்றின் வாயில்
சோற்றை அள்ளித் திணிப்பது போல.
பாதி திறந்தேன். மீதியைச்
சமன்தொட்டி தன் கழுத்து வரை தாங்கிக்கொண்டது.

மூன்றே காலுக்கு அடைக்கலராஜ்
தன் லோடு ஆட்டோ பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டினான்.
அடிவயிற்றிலிருந்து எழுந்தது ப்ளோயர்.
ஆக்சிஜன் மீட்டரை இறக்கினேன்.
இரண்டு இருக்க வேண்டிய இடத்தில்
புள்ளி இரண்டு.

ஐந்து இருபத்தைந்து.
குடுவையில் கோடு இறங்கவே மனமில்லாமல் இறங்குகிறது.

வட்டிக்கணக்கு தெரிந்த ஊர் இது,
ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்:
அடியில் படிந்த சேற்றைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பு,
அது முதல்;
பெருகியதை மட்டும் வெளியே எடு,
அது வட்டி.
முதலைத் தின்றால் தொட்டி வெறுந்தண்ணீர்.
வட்டியை எடுக்காமல் பூட்டி வைத்தாலும்
கிழடு தட்டிப் பழுப்பு நுரையாகக் கரையேறும்.
இரண்டையும் செய்துவிட்டுக்
குளோரினைக் கொட்டிச் சரிக்கட்டலாம்.
வாடை போகும். கடன் போகாது.

காத்திருக்க முடியவில்லை.
ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.
சிதறிய திட்டுகள்.
அசையாத திட்டுகள்.
கண் நீர் கோத்து, துடைத்து, மறுபடி பார்த்தேன்.
ஓரத்தில், நூல் காம்பில் ஒரு மணி
சட்டென்று சுருண்டது.
நெடுநேரம் கழித்து நிமிர்ந்தது.
மறுபடி சுருண்டது.
“இருக்கு” என்றேன், யாருமில்லாத அறையில், சத்தமாக.

பதிவேட்டில் எனக்கு முன் ஷிப்ட் பார்த்தவர்கள்
மாதம் முழுக்க
இரண்டு புள்ளி ஒன்று என்றே எழுதியிருக்கிறார்கள்.
ஒரே பேனா, ஒரே சாய்வு,
தீபாவளிக்குக்கூட இரண்டு புள்ளி ஒன்று.
நானும் எழுதியிருக்கிறேன்.
ஆபீஸில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் அதற்கு.
இதற்குக் கேட்பார்கள்.

புள்ளி இரண்டு, எழுதினேன்.
பக்கத்தில்: பேட்டரி இல்லை, நான்கு மணி நேரம்.
அதன் கீழ் என் முழுப்பெயர், முத்தழகி,
இனிஷியலோடு.

ஐந்து நாற்பது.
கோடு நானூற்றுப் பத்தில் நிற்கிறது.
மேலே நீர் இன்னும் கலங்கல்,
கழுவாத மூக்குக்கண்ணாடி போல.
நல்ல எண் இல்லை. சாவு எண்ணும் இல்லை.

வாசலில் சேவுகன்.
டீயை வாங்கிக்கொண்டு சொன்னேன்:
மதகை இன்னும் நாலு விரல் திற,
மெதுவா.